தையல் மெஷின் இருந்த மண்டபம்

என் போனில் 'ஊர்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆரம்பித்தது. தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா என்று மதுரைக்குப் போகும்போதெல்லாம் நாலு படம் எடுத்து அதில் போட்டுவைப்பேன். வைகைக் கரை, தெப்பக்குளத்துப் படிக்கட்டு, விளக்குத்தூண் பக்கத்துக் கடைகள், மாசி வீதியில் சாயங்கால வெளிச்சம். இப்போது எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஒருமுறை அம்மா அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நம்ம தெருவத்தானடா எடுத்து வச்சிருக்க? தெனமும் பாக்குறதுதான, இதுல என்ன இருக்கு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஐம்பது வருடமாக அந்த ஊரில் இருக்கும் அம்மா அதை ஒரு படம்கூட எடுத்ததில்லை. நானும் ஊரை விட்டுக் கிளம்பும்வரை எடுத்ததில்லை. வீட்டுக்குள் இருப்பவன் வீட்டைப் படம் எடுப்பதில்லை. ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தவன்தான் திரும்பிப் பார்த்து எடுக்கிறான். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. சுற்றுலா வருகிறவர் எடுக்கும் படத்துக்கும் நான் எடுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் பாசம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இது என் ஊர், அதனால் எடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கை எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

*

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிறது புது மண்டபம். பெயரில்தான் புதுசு. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. தூணுக்குத் தூண் யாளி, குதிரைவீரன், ஆளுயரச் சிலைகள்.

ஆனால் நான் வளர்ந்த காலத்தில் புது மண்டபம் என்றால் கடைகள். அந்தப் பக்கம் பாத்திரம், வளையல், கல்யாணச் சாமான். இந்தப் பக்கம் பாடப்புத்தகமும் பஞ்சாங்கமும். நடுவில் வரிசையாகத் தையல்காரர்கள். ஜூன் மாதம் பழைய பாடப்புத்தகம் வாங்க அப்பாவோடு போவேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க அம்மாவோடு போவேன். மெஷின் சத்தம், புதுத் துணியின் கஞ்சி வாசம், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் கல்லுக்கு உள்ளே இருக்கும் குளிர்ச்சி. அங்கே நுழைந்ததும் ஊருக்கு வந்துவிட்டோம் என்று உடம்புக்கே தெரியும்.

சித்திரை நெருங்கினால் தையல்காரர்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்களின் உடுப்பு பெரும்பாலும் அங்கேதான் தைக்கப்படும். சல்லடம், தலைப்பாகை, தண்ணீர்ப் பை. தைத்தவர்களில் பலர் முஸ்லிம்கள். இதை யாரும் மத நல்லிணக்கம் என்று பேர் வைத்துக் கூப்பிட்டதில்லை. "பாய்ட்ட குடுத்தாச்சா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

2016இல் அப்படி ஒரு பாயைப் படம் எடுத்தேன். தலைக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக அழகர் உடுப்புகள் தொங்க, அவற்றுக்கு நடுவே கல் யாளியின் வாய் எட்டிப்பார்க்க, கீழே குனிந்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. 'என் வீடு' என்று தலைப்புப் போட்டுப் பதிவிட்டேன். நிறையப் பேருக்குப் பிடித்தது.

*

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த கடைகள் எரிந்தன, கல் தூண்கள் வெடித்து விழுந்தன. கோயிலை ஒட்டி எந்தக் கடையும் கூடாது என்ற பேச்சு ஊர் முழுக்கக் கிளம்பியது.

அந்த வாரத்தில் நண்பன் ஒருவன் ஒரு லிங்க் அனுப்பினான். யாரோ என் படத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள். யாளியின் மேல் சிவப்பு வட்டம். நானூறு வருடச் சிற்பத்தின் மேல் எப்படித் துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் பாருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே வந்தவற்றைச் சொல்லப்போவதில்லை. பாயின் முகம் தெளிவாகத் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கோபம் வந்தது. என் படத்தைத் திருடிவிட்டார்கள் என்று. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடுப்புகள் தொங்கும் கயிற்றின் ஒரு முனை சிற்பத்தின் கையில் கட்டப்பட்டிருந்தது. அவர்கள் சொன்னதில் அந்த ஒரு விஷயம் உண்மை. இரண்டு வருடமாக என் போனில் இருந்த படம். அந்தக் கயிற்றை நான் பார்க்கவே இல்லை. பாசத்தோடு பார்த்ததால் எனக்குத் தெரியவில்லை. வெறுப்போடு பார்த்ததால் அவர்களுக்குக் கயிறு மட்டும்தான் தெரிந்தது, அதன் அடியில் உட்கார்ந்து பிழைக்கும் மனிதர் தெரியவில்லை.

நீதிமன்ற வழக்குகளும் பேச்சுவார்த்தைகளுமாகச் சில வருடங்கள் ஓடி, புது மண்டபக் கடைகள் கடைசியில் காலி செய்யப்பட்டன. மாநகராட்சி புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். என் படத்தால் அது நடக்கவில்லை, அவ்வளவு பெரிய ஆளில்லை நான். மண்டபத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் நியாயமான காரணம்தான். ஆனாலும் 'என் வீடு' என்று நான் போட்ட படம், இன்னொருவரை அவர் இடத்திலிருந்து கிளப்பச் சொன்னவர்களுக்குச் சாட்சி சொன்னது. இதை என்னால் விழுங்க முடியவில்லை.

*

அப்புறம்தான் லினேயஸ் ட்ரைப் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி. 1858இல் மதுரையை எடுத்த அவருடைய வரிசையில் புது மண்டபத்தின் தெற்குப் பக்கத்து நடை ஒன்று உண்டு. தூண்கள், தரையில் விழும் வெளிச்சம், நீண்டு போகும் நிழல். அற்புதமான படம். ஆள் யாரும் இல்லை.

அன்றைய காகித நெகட்டிவில் ஒளி பதிய நேரம் ஆகும். நடந்து போகிறவர் அதில் தங்கமாட்டார். கல் மட்டும் தங்கும். ஆகவே அந்த மௌனத்தைப் பார்த்து 'இதுதான் மண்டபத்தின் அசல் முகம்' என்று சொல்வது சரியாகுமா? நாயக்கர் கட்டியது உற்சவத்துக்கு. கூட்டமும் மேளமும் சந்தனமும் நிறைந்திருக்க வேண்டிய இடம் அது. ஆளே இல்லாத மண்டபம் என்பது எந்தக் காலத்தின் மண்டபம்? ட்ரைப் தன் சட்டகத்துக்குள் கல்லை வைத்தார். நான் தையல்காரரை வைத்தேன். சிவப்பு வட்டம் போட்டவர் கயிற்றை வைத்தார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. சட்டகத்துக்கு வெளியே எதை விட்டோம் என்பதை மட்டும் மூன்று பேரும் சொல்லவில்லை.

ரோலான் பார்த் 1980இல் வெளியிட்ட 'கேமரா லூசிடா'வில் இறந்துபோன தன் அம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஆனால் அந்தப் படத்தைப் புத்தகத்தில் அச்சிடவில்லை. தனக்கு எல்லாமாக இருக்கும் அது மற்றவர்களுக்கு இன்னொரு பழைய படம் என்று அவருக்குத் தெரியும். கல்லூரியில் படித்தபோது இது கொஞ்சம் பந்தாவாகத் தோன்றியது. இப்போது புரிகிறது. வீடு என்று நாம் உணர்வது படத்துக்குள் ஏறுவதில்லை. ஏறுவது கயிறும் முகமும்தான். கூடவே 9.91, 78.12 என்று அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஏறும், அது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். மிச்சத்தைப் பார்க்கிறவர் தன் மனசிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளரின் ஆய்வு 2014இல் வெளியானது. அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை முழுதாகப் படம் எடுத்தவர்கள், சும்மா பார்த்தவர்களைவிட அதைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. என் ஃபோல்டரில் பொற்றாமரைக் குளத்தின் படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் எந்தப் படியில் உட்கார்ந்தால் எந்தக் கோபுரம் எப்படித் தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இரண்டாயிரம் படத்தில் இருக்கும் தெருக்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

*

அதற்காக எடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு காரியம் மட்டும் செய்தேன். போன பொங்கலுக்கு அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். ட்யூப்லைட் வெளிச்சம், டைல்ஸ் தரை, ஷட்டர் போட்ட சின்னச் சின்னக் கடைகள். இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து பாயைக் கண்டுபிடித்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது.

படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். சிவப்பு வட்டக் கதையைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"மகன் காமிச்சான். யாரு எடுத்ததுன்னுதான் தெரியல. நீங்கதானா?"

"ஆமா பாய். தப்பா நினைச்சு எடுக்கல. கேட்டுட்டு எடுத்திருக்கணும்."

"கேட்டிருந்தா மட்டும் வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்று சிரித்தார். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார். "ஊரெல்லாம் பாத்துச்சு. எனக்கு இன்னைக்குத்தான் குடுக்குறீங்க. அந்தக் கயித்தக் காமிச்சிருந்தா அன்னைக்கே அவுத்துருப்பேன்ல தம்பி."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு வருடத்து ஒழுக்கக் கேள்விக்கு அவர் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டார். அனுமதி வாங்குவது, உரிமை, பெயர் போடுவது என்று நான் யோசித்ததெல்லாம் படத்துக்கும் பார்க்கிறவர்களுக்கும் இடையிலான கணக்கு. படத்தில் இருப்பவரை முதல் பார்வையாளராக நான் நினைத்ததே இல்லை. அது என் வீடு என்றால் அவர் அந்த வீட்டு மனிதர். வீட்டில் ஒரு தப்பு இருந்தால் வீட்டு மனிதரிடம்தான் முதலில் சொல்வோம்.

கிளம்பும்போது கூப்பிட்டார். "ஒரு ஹெல்ப் பண்ணுங்க. பழைய ஆளுக பல பேரு புது மண்டபம் வரை வந்துட்டு, கடை இல்லேன்னு திரும்பிப் போறாய்ங்க. இந்தக் கடை நம்பரு தெரியுற மாதிரி ஒரு படம் எடுத்து உங்க இதுல போடுங்க."

எடுத்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் முகம் வெளுத்து, பின்னால் ஷட்டர், மேலே கடை எண். எடுத்ததும் போனை அவரிடம் நீட்டினேன். "நம்பரு சரியா விழல" என்றார். கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி எடுத்தேன். தலையாட்டினார். அதற்கப்புறம்தான் பதிவிட்டேன்.

என் ஃபோல்டரில் அதைவிட மோசமான படம் கிடையாது. சித்திரைக்கு முந்தின வாரம் போன் செய்தார். படத்தைப் பார்த்துவிட்டு, பழைய ஆட்கள் நாலு பேர் உடுப்பு தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.