சான்றிதழுக்காக ஒரு மறுதலிப்பு

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, மதுரையின் பசுமலை, திருநகர் கிறிஸ்தவச் சபையாரையும் உறுத்த வேண்டியது. புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்காக ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். கைக்குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர், தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். ஆனாலும் தாம் இந்து என்றார். மனத்தில் நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தையே ஏமாற்றுவது என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

வேதத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் குற்றம் இன்னும் பெரிது. இது விசுவாசத்தை விட்டு விலகுதலே. இயேசுவை அறியேன் என்று பேதுரு சொன்னது நெருப்பருகே குளிர்காய்ந்த இரவில். அதையே இன்று நம்மில் சிலர் இ-சேவை மையத்தில் 'மதம்' என்ற கட்டத்தில் நிரப்பி, கையொப்பமும் இடுகிறார்கள். பேதுருவை மிரட்டியது உயிர்ப்பயம். இங்கே இழுப்பது சம்பளம்.

ஜீவனுள்ள தேவனை விட்டு விலகச் செய்யும் அவிசுவாச இருதயத்தைப் பற்றி எபிரெயர் நிருபம் 3ஆம் அதிகாரம் 12ஆம் வசனம் எச்சரிப்பது நாத்திகரை அல்ல. உடைமைகள் பறிபோனபோதும் பொறுத்துக்கொண்டவர்கள் என்று அதே நிருபம் 10ஆம் அதிகாரத்தில் பாராட்டும் சபையாரைத்தான். செங்கடலைக் கடந்த இஸ்ரவேல் ஜனமே, மன்னா தின்ற ஜனமே, கானானின் வாசலில் நின்று எகிப்துக்குத் திரும்பலாம் என்று பேசியதை எண்ணாகமம் 14 சொல்கிறது.

கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டீசியஸ், தெய்வங்களுக்குப் பலியிட்டதாகக் குடிகள் சான்றிதழ் பெற வேண்டும் என்றான். பாப்பிரஸில் எழுதிய அத்தகைய சான்றிதழ்கள் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. பலியிடாமலே பணம் கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிய கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பலிபீடத்தைத் தொடவில்லை என்ற அவர்களது நியாயத்தால் பாவம் தீர்ந்துவிடாது என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். நம் ஊர்ச் சமாதானமும் அதேதான்: வெறும் பேப்பர்தானே!

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியைக் கிறிஸ்தவருக்கு மறுக்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி இழிவு கரைந்துவிடவில்லை என்பதும், தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் கிறிஸ்தவரானவர்களுக்கும் இந்தத் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டதும் உண்மை. போராட வேண்டிய அநீதி அது. அதற்காகப் பொய் எழுதலாமா? குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வள்ளுவரே வாய்மையில் சேர்த்தாரே என்பார்கள். ஆலயத்துக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர், பள்ளிக்கு ஓர் இந்துப் பெயர் என்று பிள்ளைக்குப் பழக்கும் வீட்டில் குற்றமற்றது எது? தன் நெஞ்சறியப் பொய் சொன்னவனை அந்த நெஞ்சே சுடும் என்றவரும் அவர்தான்.

முன்பு சொன்ன எபிரெயர் 3:12க்கு அடுத்த வசனமோ, நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுங்கள் என்று சபையின் தலையில் பொறுப்பை வைக்கிறது. 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதி பார்த்துச் சேர்ந்துண்ண மறுத்தவர்களை விலக்கி வைத்தது. அன்று சாதிக்காகவும் இன்று சான்றிதழுக்காகவும் வழுவுகிறார்கள். கண்டிக்கும் துணிவுதான் இன்று இல்லை. கண்டிப்போடு பரிவும் வேண்டும். 251இல் கூடிய கார்த்தேஜ் ஆயர் மன்றம், தாள் வாங்கியவர்களைத் தனித்தனியே விசாரித்து, மனந்திரும்பியவர்களைச் சேர்த்துக்கொண்டது. நம் போதகர்களும் திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் பள்ளிப் பெயரைக் கேட்டு, அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். உண்மையை எழுதியதால் சலுகை இழக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் சபையின் காணிக்கைப் பணத்திலிருந்து கட்ட வேண்டும்.