கம்பெனி கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்ததா?



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது, ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகனுக்கு இருபத்திரண்டு வயது. லைசென்சு உண்டு. வண்டிக்கு இன்ஷூரன்சும் உண்டு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் நாற்கரச் சாலையில், கூட்டேரிப்பட்டுக்கு இப்பால், சுற்றிப் போகும் தூரத்தை மிச்சம் பிடிக்க எண்ணி எதிர்த்திசையில் காரை ஓட்டி, சைக்கிளில் வந்த கூலியாள் ஒருவர்மீது மோதிவிட்டான். அவர் பிழைத்தார். ஆனால் ஒரு காலை நம்பி இனி வேலை செய்ய இயலாது.

"கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. கம்பெனி கொடுத்துவிடும், நீங்கள் அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்கிறார் வக்கீல். போகாமலிருந்தால் பாவமா?" என்றார்.

பேச்சுவாக்கில் மற்றொன்றும் வெளிவந்தது. விபத்துக்கு முன்பே அந்தக் காரின் பேரில் நான்கு அபராதச் சீட்டுகள் வந்திருக்கின்றன. வேகம், சிவப்பு விளக்கு, ஓட்டும்போது கைபேசி. சீட்டுகள் வண்டிச் சொந்தக்காரரான தகப்பனாருக்கு வந்தன. வீட்டில் சச்சரவு வேண்டாமென்று அவரே பணத்தைக் கட்டிவிட்டு மகனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கேள்விக்குப் பதில் சொல்லுமுன், இந்த இன்ஷூரன்ஸ் யாருக்காக ஏற்பட்டது என்று பார்ப்போம். 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் இதைக் கட்டாயமாக்கும் பகுதி 1946-ல் அமலுக்கு வந்தது. 1988-ம் வருஷத்துச் சட்டமும் அதையே நிலைநிறுத்தியது. ஓட்டுகிறவனுடைய சௌகரியத்தைக் கருதி இச்சட்டம் பிறக்கவில்லை. ஓட்டுகிறவன் ஏழையானாலும், ஏமாற்றுக்காரனானாலும், அடிபட்டவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதே நோக்கம். அவனைச் சட்டம் "மூன்றாம் நபர்" என்று அழைப்பது விந்தைதான்.

இதற்குக் கட்டும் பிரீமியம் எப்படி நிர்ணயமாகிறது? எஞ்சினின் அளவைப் பார்த்து! 2022 ஜூன் 1-ல் அமலான விகிதப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ரூ. 3,416. முப்பது வருஷமாக ஒருவருக்கும் கீறல் விழாமல் ஓட்டிய ஆசிரியரும், நான்கு அபராதச் சீட்டு வாங்கிய வாலிபனும் அதே தொகையைத்தான் கட்டுகிறார்கள். தன் வண்டிச் சேதத்துக்கான பகுதியில் மட்டும், நஷ்டஈடு கேட்காதவருக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. அதுவும் கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடியேயொழிய ஒழுங்காக ஓட்டியதற்கல்ல.

இது நியாயமா? இன்ஷூரன்ஸ் என்பது பலர் கூடிப் போடும் உண்டியல் அன்றோ? ஒருவனுடைய துணிச்சலுக்கு மற்றவர்கள் ஏன் காசு போடவேண்டும்? இந்தக் கேள்வியை ஆலோசித்த இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு, 2021 ஜனவரியில் ஒரு யோசனையை வெளியிட்டது. போக்குவரத்துக் குற்றம் ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள். குடித்து ஓட்டினால் 100, தவறான இடத்தில் நிறுத்தினால் 10. புள்ளி ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். ஆனால் ஓட்டியவர் யாராயினும் கூடுதல் தொகை வண்டிச் சொந்தக்காரரின் தலையில்தான் விழும்.

பலருக்கு இது அநியாயமாகத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரவு பதினொரு மணிக்குச் சென்னையில் சரக்கை இறக்கியே தீரவேண்டுமென்று டிரைவரை விரட்டும் முதலாளிக்கு அந்த வேகத்தில் பங்கில்லையா? மகனுடைய சீட்டைச் சத்தமின்றிக் கட்டிய தகப்பனாருக்குப் பங்கில்லையா? சொந்தக்காரரின் பையைத் தொட்டிருந்தால், நம்முடைய நண்பர் நான்காவது சீட்டுக்கு முன்பாவது சாவியை எடுத்து வைத்திருப்பார்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. குற்றவாளிக்கு விலையை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு நாள் அவன் இன்ஷூரன்சே இல்லாமல் ஓட்டுவான். அப்போது தண்டனை அனுபவிக்கிறவன் யார்? சைக்கிளில் வருகிறவன்தான். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஓட்டுநர்களிடம் அதிகப் பிரீமியம் வாங்குகிறார்கள். ஆனால் எந்தக் கம்பெனியும் ஏற்காதவர்களைக் கம்பெனிகள் தமக்குள் பங்கிட்டு ஏற்கவேண்டுமென்ற ஏற்பாடும் பல மாகாணங்களில் உண்டு. நம் நாட்டிலும், லைசென்சு சரியில்லாதவன் மோதினாலும் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். 2019-ம் வருஷத் திருத்தத்தின்படி அவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறையும், ரூ. 25,000 அபராதமும் உண்டு.

இதையும் கேளுங்கள். தன்னுடைய கண்மூடித்தனமான ஓட்டத்தாலேயே இறந்தவனுடைய குடும்பம், அவனுக்காகக் கம்பெனியிடம் மூன்றாம் நபரைப்போல் நஷ்டஈடு கேட்க முடியாதென்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்தக் காரில் மகன் இறந்திருந்தால், இத்தகப்பனாரின் நிலையும் அதுவே.

நிற்க. அடிபட்ட கூலியாளுக்கு முதல் 48 மணி நேர வைத்தியத்தைச் சர்க்கார் ஏற்றது. திண்டிவனத்துக்கு அருகே மேல்மருவத்தூரில் 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. குற்றம் யாருடையது என்று அது கேட்பதில்லை. நஷ்டஈட்டைக் கம்பெனி ஏற்கும். நான்கு சீட்டின் அபராதத்தைத் தகப்பனார் ஏற்றார். பையன் எதை ஏற்றான்?

பாவசங்கீர்த்தனத்தில் குரு விதிப்பதையும் நம் பெரியவர்கள் அபராதம் என்றே சொல்வார்கள். அந்த அபராதத்தை நமக்காக வேறொருவர் தீர்த்துவிட முடியாது. பொறுத்தல் கிடைத்தாலும் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை நீங்காதென்று சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். இங்கேயோ பொருள் திரும்பி வருகிறது, மனஸ்தாபம் ஒன்றுதான் வரவில்லை.

வக்கீலைக் குறை சொல்ல மாட்டேன். கம்பெனியின் எழுத்துமூலமான சம்மதமின்றி, பாலிசி எடுத்தவர் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கிறது. பிறர் பணத்தை வைத்து நாம் பேரம் பேசலாகாது என்பது நியாயமே. ஆகவே நான் அவரிடம் சொன்னது இது. "போங்கள். பணத்தைப் பற்றி ஒரு பேச்சும் பேசாதீர்கள். எந்தத் தாளையும் நீட்டிக் கையெழுத்துக் கேட்காதீர்கள். வழக்கை விட்டுவிடும்படி ஜாடையாகவும் சொல்லாதீர்கள். அவர் எப்படியிருக்கிறார், குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டு வாருங்கள். அதை எந்தப் பாலிசியும் தடுக்கவில்லை."

அதைவிடப் பெரிய காரியம் கோர்ட்டில் காத்திருக்கிறது. சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார் என்று ஒருவர் வாதிப்பார். அது நிரூபணமானால் அவருடைய குற்றத்தின் அளவுக்கு நஷ்டஈட்டுத் தொகை குறையும். அவ்வேளையில் பையனைக் கூண்டில் ஏற்றினால், தான் எதிர்த்திசையில் வந்ததைச் சொல்வானா? ஓட்டியது நானல்ல, டிரைவர் என்பானா? அவன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் அந்தக் குடும்பத்தின் பல வருஷத்துச் சோறு இருக்கிறது. அதைக் கம்பெனி அவனுக்காகச் சொல்லித் தராது.

"அவனையும் கூட்டிக்கொண்டு போகட்டுமா? வெட்கப்படுகிறான்" என்றார் நண்பர்.

"அவசியம் கூட்டிப் போங்கள். ஆனால் காரை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போங்கள்" என்றேன்.