எதிரணியின் பிழையும் வென்றவரின் கணக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகைத்தளத்தில், சமண முனிவர்கள் தவமிருந்த 17 கற்படுக்கைகள் உள்ளன. அவர்கள் தம் தலைவரைக் குறித்த ‘ஜினன்’ என்னும் சொல்லுக்கு வென்றவன் என்பது பொருள். வெல்லப்பட்டவை ஆசையும் சினமும் பற்றுமே ஆதலால், அந்த வெற்றியில் தோற்றவர் என்று எவரும் இல்லை. அதே மாவட்டத்து ஊர்த்திடல்களில் மின்னொளியில் நடைபெறும் கைப்பந்துப் போட்டிகளிலோ ஒருவர் தோற்காமல் மற்றவர் வெல்ல இயலாது. இவ்விரு வெற்றிகளையும் அருகருகே வைக்கும்போது எழும் கேள்வி, ஒருவரது பிழை மற்றொருவருக்குப் பேறாக முடியுமா என்பதே.

கைப்பந்தின் விதி, முடியும் என்கிறது. பந்தை முதலில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் உரிமையாகிய சர்வீஸ் எந்த அணியிடம் இருந்ததோ, அந்த அணி மட்டுமே புள்ளி பெறும் முறை நீண்டகாலம் இருந்தது. அந்த அணி தவறினால் சர்வீஸ் கைமாறியதே அன்றி, எதிரணியின் எண்ணிக்கை உயரவில்லை. ஐந்தாம் செட்டில் மட்டும் அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்திருந்த புதிய முறையைச் சர்வதேசக் கூட்டமைப்பு 1998இல் எல்லாச் செட்டுகளுக்கும் விரிவாக்கியது. அதன்படி, சர்வீஸ் யாரிடம் இருந்தாலும் பந்து ஓய்ந்தவுடன் ஏதேனும் ஓர் அணிக்குப் புள்ளி உண்டு. ஆகவே சர்வீஸ் வலையில் விழுந்தாலும், எவரும் தொடாத பந்து கோட்டுக்கு வெளியே சென்றாலும், கையசைக்காமல் நின்ற எதிரணிக்கு ஒரு புள்ளி சேர்கிறது. முதல் நான்கு செட்டுகளில் 25 புள்ளிகளும் ஐந்தாவதில் 15 புள்ளிகளும் வேண்டும். இரண்டு புள்ளி இடைவெளி தோன்றும்வரை செட் முடியாது. மூன்று செட்டுகளை வென்ற அணியே வென்றது என்பதால், 25-10, 25-10, 23-25, 23-25, 13-15 என ஆடிய அணி மொத்தம் 109 புள்ளிகள் எடுத்தும் 85 எடுத்த அணியிடம் தோற்கும்.

சமணத்தின் வினைக்கோட்பாடு இத்தகைய கணக்கை ஏற்பதில்லை. எண்ணம், சொல், செயல் ஆகியவற்றின் வழியே வினை என்னும் நுண்பொருள் உயிருக்குள் வந்து சேர்வதைத் தமிழ்ச் சமண மரபு ‘ஊற்று’ என்று அழைத்தது. அவ்வாறு சேர்ந்தது சேர்த்தவருக்கே உரியது, பிறருக்கு மாற்றித் தரத்தக்கதன்று. சர்வீஸைத் தவறவிட்டவரின் கவனக்குறைவு எதிரணியினரின் உயிரை எவ்வகையிலும் உயர்த்தாது. கடுமையான அடியால் எதிரியைத் தடுமாறச் செய்தவருக்கு அந்தத் தடுமாற்றத்தில் பங்கில்லையா என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பு வலுவானதே. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என வினையைச் சமணம் மூவகைப்படுத்துவதால், தடுமாறச் செய்தது செய்வித்தலில் அடங்கும். எவரது நெருக்குதலும் இன்றித் தானாக நேர்ந்த பிழைக்கு அந்த விளக்கம் பொருந்தாது என்றாலும், அங்கேதான் மூன்றாம் வகை கவனத்துக்கு உரியதாகிறது. அந்தப் பிழையால் வந்த புள்ளி எதிரணியினர் செய்தது அன்று. ஆனால் அந்தப் பிழையைக் கண்டு எழும் மகிழ்ச்சி முழுவதும் அவர்களுடையது. பலகையில் ஏறிய எண் அவர்களது உயிரைத் தொடாமல் போகலாம், எதிரியின் சறுக்கலில் கொண்ட களிப்பு தொடாமல் போவதில்லை. பந்து வலையில் விழும்போது திடலைச் சுற்றி எழும் ஆரவாரத்தில் பார்வையாளரும் இவ்வாறே பங்கு கொள்கின்றனர். இக்கோட்பாட்டின் கடுமை, கையால் செய்யாததற்கும் மனத்தால் பொறுப்பு உண்டு என்று அது சொல்வதில் இருக்கிறது; விளையாட்டைப் பற்றிய நம் பேச்சில் மிக அரிதாகவே கேட்கப்படும் எண்ணம் இது.

இதற்கு மறுபுறமும் உண்டு. எதிரணியினர் அடித்த பந்து, தடுக்க உயர்ந்த விரல்நுனியில் உரசி வெளியே சென்றால் புள்ளி அடித்த அணிக்குரியது. உரசலை நடுவர் காணாவிட்டால் அது தடுத்த அணிக்குப் போய்விடும். அத்தகைய நேரத்தில் தானாகக் கையுயர்த்தி ‘பட்டது’ என்று ஒப்புக்கொள்ளும் ஆட்டக்காரர் தம் அணிக்கு ஒரு புள்ளியை இழக்கச் செய்கிறார். சமணத்தின் ஐந்து நோன்புகளுள் ஒன்றான வாய்மையை அக்கணம் அவர் காக்கிறார். அதைக் குறிக்கப் புள்ளிப் பலகையில் இடம் இல்லை, பலகையோ எதிரணியின் பக்கம் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டு அடுத்த சர்வீஸுக்காகக் காத்திருக்கிறது.