குளிரும் காலமும்

காலத்தை வெல்ல வேண்டும் என்பது மனித குலத்தின் மிகப் பழைய ஆசைகளுள் ஒன்று. சித்தர்கள் காயகற்பம் தேடினர். மன்னர்கள் கல்லிலே பெயர் பொறித்தனர். இருபதாம் நூற்றாண்டு அவ்வாசைக்குப் புதியதொரு கருவியை வழங்கிற்று. அதுவே கடுங்குளிர். இறந்தோர் உடலை உறைய வைத்தால் எதிர்கால மருத்துவம் அவர்களை எழுப்பக்கூடும் என்று அமெரிக்கரான ராபர்ட் எட்டிங்கர் 1964-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்னும் பேராசிரியரின் உடல் அவ்வாறே உறைய வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அவர் எழவில்லை.

குளிர் உண்மையில் காலத்தை நிறுத்துகிறதா? இல்லை. கடிகாரம் தன் போக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பொருளுக்குள் நிகழும் வேதி மாற்றங்களையே குளிர் தடுக்கிறது. திரவ நைட்ரஜனின் வெப்பநிலையாகிய கழி 196 பாகை செல்சியஸில் உயிரணுவின் அழிவு ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிடுகிறது. ஆனால் உறையும் நீர் பனிப் படிகமாகி உயிரணுவைக் கிழிக்கும். ஆதலின் பேருடல்கள் இப்பயணத்தைத் தாங்குவதில்லை. மிகச் சிறியவையே தாங்குகின்றன. 1978-இல் கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், 53 நாட்கள் உறைய வைத்த கருவிலிருந்து ஒரு பெண் குழந்தை பிறக்க வழி செய்தார். அன்றைய அதிகாரம் அவரை நம்பவில்லை. 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உறைந்த கரு எதிர்காலத்தை அடைந்தது. அதனை அனுப்பி வைத்தவருக்கோ நிகழ்காலம் இடம் தரவில்லை.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நெகிரி செம்பிலானில், தோட்டங்கள் சூழ்ந்த புக்கிட் பெலண்டோக் வட்டாரம் இதற்குச் சான்று பகரும். 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தில் தோன்றிய மூளைக் காய்ச்சல் அவ்வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளுக்கும் பரவியது. பண்ணைகளில் உழைத்த சீனரும் இந்தியரும் நோயுற்றனர். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது, புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது. மரணம் நிற்கவில்லை. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து இதுவரை அறியப்படாத கிருமியொன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

பண்ணைகள் மூடப்பட்டன, குடும்பங்கள் சிதறின. ஆயினும் ஆய்வுக்கூடங்களின் கடுங்குளிர்ப் பெட்டிகளில் அக்கிருமி மட்டும் மூப்பின்றி இருந்து வருகிறது. குளிரால் காலத்தைக் கடந்த பயணி யார் என்று வினவினால், பேராசிரியரல்லர், கிருமியே என்று விடை கூற வேண்டியுள்ளது! கொன்றதைக் காத்து வைப்பது அறமாகுமோ? மாண்டோரின் உறவினர் இவ்வாறு கேட்பாராயின் அது நியாயமே. ஆனால் மற்றொரு பக்கத்தையும் எண்ண வேண்டும். குளிரின் பாதை முன்னோக்கி மட்டுமே செல்வது. கொசுவை விடுத்துப் பன்றியைக் கவனியுங்கள் என்று 1998-ஆம் ஆண்டுத் தொழிலாளியிடம் சென்று சொல்ல எந்தக் குளிரும் உதவாது. அந்த ஆறு மாதங்களை யாராலும் திருப்பித் தர இயலாது. மாண்டோர்க்குப் பட்ட கடனை இனி வருவோர்க்கே செலுத்த முடியும். 2018-இல் கோழிக்கோட்டில் நிப்பா தோன்றியபோது சில வாரங்களுக்குள் அது இனங்காணப்பட்டதென்றால், 1999-இல் பெற்ற அறிவே அதற்கு அடித்தளம். ஆகவே காத்து வைத்தல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று; யார் பொருட்டுக் காக்கிறோம் என்பதே அதன் அறத்தை முடிவு செய்கிறது.

தோட்டத்துத் தமிழர் நன்கறிந்த ரப்பர் மரமும் இங்கு ஒரு பாடம் கூறுகிறது. நெல்லைப் போல ரப்பர் விதையை உலர்த்திக் குளிரில் சேமித்து வைக்க முடியாது, வைத்தால் செத்துவிடும். 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு சென்ற ஏறத்தாழ 70,000 விதைகளுள் முளைத்தவை நூற்றுக்கு நான்குக்கும் குறைவே. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. அம்மரம் உறக்கத்தில் காலத்தைக் கடக்கவில்லை; ஒரு தலைமுறை விழுவதற்குள் அடுத்த தலைமுறையை யாரோ ஒருவர் மண்ணில் ஊன்றியதால் கடந்தது.

மனித வாழ்வும் அத்தகையதே. நாளை விழித்தெழுவோம் என உறங்கப் போகிறவன், தன் காலத்தின் சுமையை மற்றவர் தோளில் இறக்கிவிட்டுப் போகிறான். விழித்தெழுந்தாலும் அவனை மாமா என்றோ அண்ணன் என்றோ அழைக்க ஒருவரும் இரார். உறவு என்பது உடன் மூப்பெய்துவதில் அடங்கியிருக்கிறது. நிலையாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவர், வாழ்வை வெறுக்கும்படி அதனைக் கூறவில்லை. நிலையில்லாத நாளுக்குள் நிலையான அறத்தைச் செய்துவிட வேண்டும் என்பதற்காகவே கூறினார். குளிர் அறிவைக் காக்கட்டும், கருவைக் காக்கட்டும், மருந்தைக் காக்கட்டும். ஆனால் கடமையை உறைய வைக்கும் பெட்டி இன்னும் செய்யப்படவில்லை. செய்யப்படாதிருப்பதே நன்று.