நூறு தடவை தப்பித்தது நூற்றொன்றுக்குச் சாட்சியாகுமா?

 

 

2024 ஜூன் 11. நம் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் ஏறியது. ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க ஓடிய மகளும் விழுந்தார். பக்கத்தில் இன்னொரு வீட்டில் 15 வயதுப் பெண்பிள்ளை. மூன்று பேருமே இறந்துபோனார்கள்.

சாக்கடையிலிருந்து மேலே கசிந்த வாயுவே மூன்று உயிர்களை எடுத்தது. அப்படியென்றால் அந்த வாயு குடியிருக்கும் குழிக்குள்ளேயே ஒரு மனிதரை இறக்குகிறோமே, அந்த முடிவை நாம் எப்படி எடுக்கிறோம்? இன்று சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

சாக்கடைக் குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை போல நாறும். காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். இதில் ஒரு பயங்கரம் இருக்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அளவு கூடினால் மோப்ப நரம்பே மரத்துப்போகும். "நாற்றம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று அவர் நினைக்கிற நேரம்தான் உண்மையில் ஆபத்து உச்சத்தில் இருக்கிற நேரம். தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்த்தாலும் இந்த வாயு இருப்பது தெரியாது. மீத்தேன் இருந்தால் குழியே தீப்பிடிக்கும்.

சகோதரர்களே! மூக்கு மரத்துப்போவது போலவே மனமும் மரத்துப்போகிறது. முதல் தடவை பயந்து பயந்து இறக்குகிறோம், ஒன்றும் ஆகவில்லை. பத்தாவது தடவை பயம் குறைகிறது. நூறாவது தடவை, "இருபது வருஷமா இப்படித்தான் செய்யுறோம், ஒண்ணும் ஆகல" என்று அதையே ஆதாரமாகப் பேசுகிறோம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அதன் ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவதை முந்தைய பயணங்களிலேயே பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் விண்கலம் பத்திரமாகத் திரும்பியதால் அந்தக் குறையே பழகிப்போனது. டயான் வாகன் என்ற சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்து, தவறு வழக்கமாகிவிடுவது என்று விளக்கினார். பெரிய பெரிய பொறியாளர்களுக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

அல்லாஹ் நம்மைத் தப்பிக்க வைத்தது அவன் கொடுத்த அவகாசம். அதை அனுமதி என்று நாம் வாசித்துவிடுகிறோம்.

"எல்லாம் விதிப்படிதானே ஹஜ்ரத், மவுத் வந்தால் எங்கிருந்தாலும் வரும்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இதை யார் சொல்கிறார் என்று பாருங்கள். குழிக்கு வெளியே நிற்பவர், இறங்குபவருக்காகச் சொல்கிறார்! தன் கடைக்கு மூன்று பூட்டுப் போடும்போது அவருக்கு இந்த விதி நினைவுக்கு வருவதில்லை.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் போகும் வழியில், ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. தோழர்களிடம் ஆலோசித்துவிட்டுத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அந்த முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழைந்த பிறகு எடுக்கவில்லை. வெளியே நின்று, நிதானமாக, கலந்து பேசி எடுத்தார்கள்.

கைப்பிடிச் சுவரில்லாத மொட்டைமாடியில் இரவில் தூங்குபவரைப் பற்றிய எச்சரிக்கை அபூதாவூதில் வருகிறது. தூங்குகிறவரால் விளிம்பில் வைத்து முடிவெடுக்க முடியாது. பகலிலேயே சுவர் எழுப்பியிருக்க வேண்டும். குழிக்குள் இறங்கியவரும் அப்படித்தான். மூக்கு பொய் சொல்லும், சில மூச்சுகளில் அறிவும் போய்விடும். அவரை நம்பி முடிவை விடக்கூடாது.

"அவரே சம்மதித்துத்தானே இறங்கினார்?" என்பது அடுத்த சாக்கு. வீட்டில் அரிசி இல்லாதவரிடம் ஐந்நூறு ரூபாயைக் காட்டி வாங்குவதற்குப் பெயர் சம்மதமா? அதே பணத்துக்கு உங்கள் மகனை இறக்குவீர்களா? தாங்க முடியாத சுமையைப் பணியாளர் மீது ஏற்றக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வேலை கொடுப்பவரிடம் வேலை செய்பவரின் உயிர் அமானத்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இது நகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் நாளை மஹ்ஷரில் கேள்வி ரூபாயைப் பற்றி இருக்காது.

ஆகவே முடிவை இன்றே, குழி மூடியிருக்கும்போதே எடுங்கள். வீடானாலும் கடையானாலும் மஸ்ஜிதானாலும், தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் லாரியை மட்டுமே அழைப்போம், மனிதரை இறக்க மாட்டோம் என்று குடும்பத்தோடு பேசி வையுங்கள். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே யாரும் குதிக்கக் கூடாது, 101-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையை வரவழைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். தாயைத் தூக்க ஓடிய மகளின் இரக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த வாயுவுக்கு இரக்கம் தெரியாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கயிறு நம் கையில் இருக்கும்போது அதைக் கட்டாமல் விட்டுவிட்டு, ஒட்டகம் போன பிறகு விதியைப் பேசுவது தவக்குல் ஆகாது.

யா அல்லாஹ்! எங்கள் கைகளில் நீ ஒப்படைத்த உயிர்களைப் பேணும் அறிவையும், "வேண்டாம், இறங்காதே" என்று நேரத்தில் சொல்லும் துணிவையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக. ஆமீன்.