இல்லாத மருந்தும் ஆறுதலாகுமோ?

நோயுற்றோர்க்கு ஆறுதல் கூறுவது நற்செயலே. ஆனால், அவருக்குப் பயன்படாத மருந்தைப் பயன்படும் என்று கூறும் ஆறுதல் அறமாகுமா? தாராவியிலும் செம்பூரிலும் புற்றுநோயாளர் உள்ள இல்லங்களை நோக்கியே இதனை வினவுகின்றோம்.

மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அரசின் அனுமதி கிட்டியது. நோயாளியின் குருதியிலிருந்து டி அணுக்களைப் பிரித்து, புற்றணுவை இனங்காணும் ஆற்றலை மரபணு வழியே அவற்றிற்கு அளித்து, பெருக்கி, மீண்டும் அவருடலிலேயே செலுத்துவர். வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே எனினும், செலவு பல இலட்சம் ரூபாய்.

ஆயின், இது சிலவகை இரத்தப் புற்றுக்கே உரியது. பஞ்சுக்கு அருகே பீடி பற்றவைத்தல் ஆகாதென்று புகையிலையை வாயில் அடக்கியவாறே தறியோட்டிய தோழர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு வருவது வாய்ப்புற்று. அது கட்டியாகத் திரளும் வகை. கட்டியின் அணுக்கள் யாவும் ஒரே அடையாளத்தைத் தாங்குவதில்லை. உட்புகும் டி அணுக்களையும் அக்கட்டி சோர்வுறச் செய்கின்றது. அதே அடையாளம் நல்லுறுப்புகளிலும் இருக்கக்கூடும். அமெரிக்காவில் இத்தகைய அணுக்கள் செலுத்தப்பட்ட பெருங்குடற்புற்று நோயாளி ஒருவர் ஐந்து நாட்களில் இறந்தார். நுரையீரலில் சிறிதளவே இருந்த அவ்வடையாளத்தை அணுக்கள் தாக்கியதே காரணம் என மருத்துவர் 2010இல் எழுதினர். 2024 ஆகஸ்டில் அங்கே ஓர் அரிய மென்திசுப் புற்றுக்கு, மாற்றியமைத்த டி அணுச் சிகிச்சை ஒன்று அனுமதி பெற்றது. வழி திறந்துள்ளது, வாய்ப்புற்று வரை அது இன்னும் வந்து சேரவில்லை.

"சாகப் போகிறவரின் நம்பிக்கையை ஏன் பறிக்கின்றீர்?" எனச் சிலர் கேட்பர். அந்நம்பிக்கைக்காக மனைவியின் தாலியும் குடியிருக்கும் அறையும் விலைபோகும். அவர் மறைந்த பின் கடனைச் சுமப்போர் குழந்தைகளே. பிறர் துன்பத்தைக் காணப் பொறாமல் நாம் கூறும் பொய், நம் மனத்தையே ஆற்றுகின்றது. அவர் துன்பத்தை அன்று.

உண்மை கூறுவோர் கைவிட்டுச் செல்லுதலும் ஆகாது. வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிடில், அஞ்சாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் அறுவைச் சிகிச்சையால் குணம்பெறுவோர் பலர். பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1941 முதல் அப்பணியைச் செய்து வருகின்றது. முற்றிய நோயாளிக்கு வலி தணிக்கும் மருந்து உண்டு. அதைக் கேட்டுப் பெற்றுத் தருவதும், இரவில் அவருடன் விழித்திருப்பதும் நம்மால் இயலும். அன்பர்களே, அவ்வாறு செய்வோமாக!