சொல்லாமல் விட்ட குறை

என் எழுத்து மேஜையின் மேல் இப்போது பதினோரு மைப்புட்டிகள் இருக்கின்றன. "எழுதுவது ஒரு மையில், மற்றப் பத்தும் என்னத்துக்கு?" என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிலருக்கு வெற்றிலை, சிலருக்குப் பொடி. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஐந்தாறு வருஷங்கள் ஆகின்றன. எல்லோருக்கும் தெரிந்த மையிலும் பேனாவிலும் எனக்கு மனம் செல்வதில்லை. நம் நாட்டில் எங்கோ ஒரு மூலையில் யாராவது ஒருவர் காய்ச்சும் மையையும், கடையும் பேனாவையும் தேடிப் பிடித்து எழுதிப் பார்க்க வேண்டும். இதனால் உலகத்துக்கு ஒரு நன்மையும் விளையாது என்பது எனக்கே தெரியும். ஆனாலும் இந்தப் பைத்தியத்தின் நடுவே எனக்கு ஒரு சூடு விழுந்தது. அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்புக்குப் போனதும் எங்களுக்கு மைப்பேனா. மைசூர் பிரில் மையும் கேமல் மையும் அன்று எங்கள் தெருக்கடையில் கிடைத்தவை. பரீட்சை நடுவே மை தீர்ந்துவிட்டால் பக்கத்துப் பையன் தன் பேனாவைத் திருகித் திறந்து, என் பேனாவுக்குள் நான்கு சொட்டு எண்ணி விடுவான். மறுநாள் நான்கு சொட்டு திருப்பித் தர வேண்டும். தராதவனுக்கு அப்புறம் வகுப்பில் யாரும் கடன் தர மாட்டார்கள். அந்த வயதில் மையின் சரித்திரமெல்லாம் யாருக்குத் தெரியும்? 1931இல் பம்பாயில் தண்டேகர் சகோதரர்கள் குதிரை மார்க் மைத்தூள் செய்து விற்கத் தொடங்கியதுதான் பிறகு கேமல் ஆயிற்று என்பதை நான் தெரிந்துகொண்டது நாற்பது வயதுக்கு மேல்.

கல்கத்தாவின் சுலேகா மையின் கதை இன்னும் உருக்கமானது. 1934இல் மைத்ரா சகோதரர்கள் ராஜஷாஹியில் அதைத் தொடங்கினார்கள். அந்த ஊர் இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. அந்நிய மையால் சுதந்திரத்தைப் பற்றி எழுதுவதா என்ற வெட்கத்தில் பிறந்த மை அது. கல்கத்தாவுக்கு வந்து பெரிதாக வளர்ந்து, 1980களின் இறுதியில் மூடப்பட்டு, பல வருஷங்கள் கழித்து மறுபடி திறந்து, 2020இல் பேனா மையைத் திரும்பவும் புட்டியில் அடைத்தார்கள். மூடிய கதவு திறந்தது என்று கேட்டால் ஒரு புட்டி வாங்க யாருக்குத்தான் தோன்றாது? நானும் வாங்கினேன். பிறகு ராஜமந்திரியின் ரத்னம் பேனா ஒன்று. திருவள்ளூரில் கடைந்த பேனா ஒன்று. காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பேர்போன சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர்போனது என்று அறிந்து, அந்த நிப்புகளுக்காகவும் அலைந்தேன்.

இதோடு விட்டேனா? எங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துக் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. காகிதம் பழுத்துப் பொடியாகிறது. எழுத்து மட்டும் கருகருவென்று நிற்கிறது. அந்தக் காலத்துக் கடுக்காய் மை. நானும் கடுக்காயை நசுக்கிக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அன்னபேதியைப் போட்டேன். பழுப்பாக இருந்த கஷாயம் கண்ணெதிரே கறுத்தது. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால் அப்படி ஆகும். காகிதத்தில் காற்றுப் பட்ட பிறகு இன்னும் கறுக்கும். தண்ணீர் பட்டாலும் போகாது. ஆனால் அதைப் பேனாவில் அடைத்தால் எஃகு நிப்பை அரித்துவிடும். கசடு தங்கி அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதுவதற்கு ஏற்ற மை அது. கடையில் வாங்கும் சாய மையோ பேனாவுக்கு இதமானது. ஒரு துளி மழை பட்டால் கரைந்து ஓடிவிடும்.

இவற்றையெல்லாம் குறை என்று சொல்லலாமா? கூடாது. இவை குணங்கள். வேப்பம்பூ கசக்கிறது என்று யாரும் புகார் செய்வதில்லை. ஒருமுறை ஒரு மை காகிதத்தில் பரந்து பிசிறு தட்டுகிறது என்று ஒரே நாளில் தள்ளி வைத்தேன். ஒரு மாதம் கழித்து வேறு காகிதத்தில் எழுதினால், கத்தரித்தாற்போல் நிற்கிறது! குற்றம் என் மலிவுக் காகிதத்தினுடையது. ஆகவே, குணம் எது, குறை எது என்று பிரித்தறியக் கொஞ்ச காலமாவது பழக வேண்டும். இவ்வளவு நியாயம் தெரிந்த நான் ஒரு மனிதர் விஷயத்தில் தவறினேன்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு, தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பேனாக்காரரைப் பார்க்கப் போனேன். ஊரையும் பேரையும் சொல்லப் போவதில்லை. அறுபது வயதிருக்கும். வீட்டுத் திண்ணையை அடைத்துப் பட்டறையாக்கியிருந்தார். ஒரே ஒரு கடைசல் இயந்திரம். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சுட்டு இறுக வைத்த சரக்குக்கு எபனைட் என்று பெயர். அந்தக் கறுப்புக் கம்பியை அவர் கடையக் கடையக் கந்தக வாடை வீசிற்று. அவருடைய மனைவி ஒரு மூலையில் உட்கார்ந்து மெருகு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு பேனாவை என் கையில் வைத்து, காசு வேண்டாம் என்றார். நான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

"எழுதிப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க ஐயா" என்றார். அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

மறுவாரமே அந்தப் பேனா என் நாவலின் அத்தியாயத்தில் ஒரு பெரிய சொட்டை விட்டது. ஃபில்லரால் நேரே உடலுக்குள் மை அடைக்கும் பேனாக்களுக்கு இந்தச் சுபாவம் கொஞ்சம் உண்டு. மை குறையக் குறைய உள்ளே காற்று அதிகமாகும். கைச்சூட்டில் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். அது குணம். ஆனால் இந்தப் பேனா மை நிறைந்திருந்தபோதும் சொட்டிற்று. நிப்புக்கு அடியில் நாக்குப் போல ஒரு கட்டை இருக்கிறதே, மை வருவதற்காக அதில் அறுத்த கோடு அகலமாகிவிட்டது என்பது இரண்டு மூன்று முறை கழற்றிப் பார்த்ததும் எனக்கே விளங்கியது. இது குறை.

நான் என்ன செய்தேன்? பேனாவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். அந்த மாதம் ஒரு பத்திரிகையில் அவருடைய கைத்திறனைப் பற்றி மனம் உருகி எழுதினேன். திண்ணை, கந்தக வாடை, மெருகேற்றும் மனைவி எல்லாம் வந்தன. சொட்டு மட்டும் வரவில்லை. பாவம், ஏழை, ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்ததாக அன்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பை. காப்பி கொடுத்தோம். குடித்துவிட்டு, பையிலிருந்து மூன்று பேனாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உங்க கட்டுரையைப் படிச்சுட்டு மதுரை வக்கீல் ஒருத்தர் மூணு பேனா வாங்கினாரு ஐயா. பத்திரத்துல கையெழுத்துப் போடுறப்ப சொட்டிப் போச்சாம். திருப்பி அனுப்பிட்டாரு. அதைச் சொல்ல வரல. உங்க பேனாவும் சொட்டிச்சா?"

"சொட்டிற்று, அண்ணாச்சி."

"எப்ப?"

"வாங்கின மறுவாரமே."

அவர் சற்று நேரம் பேசவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அது இல்லை.

"கோடு அறுக்கிற ரம்பத்தைப் புதுசா மாத்தியிருந்தேன். அது ஒரு மயிரிழை கனம் போலிருக்கு. நீங்க அன்னிக்கே ஒரு கார்டு போட்டிருந்தா நிறுத்தியிருப்பேனே ஐயா. இந்த எட்டு மாசத்துல அதே மாதிரி நாப்பது பேனா அறுத்துட்டேனே" என்றார்.

வாசகர்களே, நாற்பது என்பது ஒரு பெரிய கம்பெனிக்கு ஒரு நிமிஷத்து வேலையாக இருக்கலாம். ஒற்றை இயந்திரத்தில் கையால் கடைகிறவருக்கு அது பல வாரத்துச் சோறு. அந்த நாற்பதையும் கெடுத்தவன் நான். அவரிடம் ரம்பம் பிழை செய்தது. அந்தப் பிழையை எட்டு மாதம் வளர்த்தது என்னுடைய கருணை.

அவர் போன பிறகு எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதே வருஷம் வெளிநாட்டுப் பேனா ஒன்று வாங்கியிருந்தேன். நிப்பு கீறியது. அன்றைக்கே கறாராக நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டேன். முகம் தெரியாத அந்தக் கம்பெனிக்கு நான் கொடுத்த மரியாதை என்ன? "நீ வேலை தெரிந்தவன், உன் வேலையில் பிசகு இருக்கிறது, திருத்து" என்ற மரியாதை. அதைத் திண்ணைப் பட்டறைக்காரருக்கு நான் கொடுக்கவில்லை. அவரால் திருத்த முடியும் என்றே நான் நினைத்துப் பார்க்கவில்லை. இரக்கம் என்று நான் பெயர் வைத்திருந்த சரக்கைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால், உள்ளே இருந்தது அலட்சியம். நம்முடையது என்பதற்காக ஒன்றைப் புகழ்வது, "நம்மவர்களால் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லாமல் சொல்வது ஆகிறது. வெளியே சுதேசி, உள்ளே தன்னம்பிக்கையின்மை.

அப்படியானால் குறை கண்ட இடத்தில் உடனே தண்டோரா போடலாமா என்று கேட்பீர்கள். அதுவும் நியாயமாகாது. பெரிய கம்பெனியைப் பற்றி அச்சில் ஒரு கெட்ட வார்த்தை வந்தால் அவர்களுக்கு அது கொசுக்கடி. சிறியவருக்கு அதுவே முடிவாகலாம். முதலில் சொல்ல வேண்டியது செய்தவரிடம். ஊருக்குச் சொல்வது அதற்கப்புறம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்: ஊருக்குப் பொய் சொன்னேன், செய்தவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

இந்த இடத்தில் காந்திஜியின் கடிதம் ஒன்று எனக்கு நினைவு வருகிறது. ராஜமந்திரியில் கே. வி. ரத்னம் 1932இல் சுதேசிப் பேனாத் தொழிலைத் தொடங்கினார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா மூலமாகத் தம் பேனா ஒன்றைக் காந்திஜிக்கு அனுப்பினார். 1935 ஜூலை 16ஆம் தேதி வார்தாவிலிருந்து காந்திஜி பதில் எழுதினார். மிகச் சிறிய கடிதம். பேனாவுக்கு நன்றி சொல்கிறார். அதை உபயோகித்ததாகச் சொல்கிறார். கடைவீதியில் காணும் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுகிறது என்கிறார். அவ்வளவுதான்.

சுதேசிக்காகவே வாழ்ந்த மனிதர். உலகத்திலேயே சிறந்த பேனா என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நாடே அதை நம்பி வாங்கியிருக்கும். அவர் எழுதவில்லை. முதலில் உபயோகித்தார், பிறகு சொன்னார், சொன்னதும் "தோன்றுகிறது" என்ற அளவோடு. அந்த அளவினால்தான் அந்தக் கடிதத்துக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. என் கட்டுரையையும் அந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

வெட்கம் பேனாவோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் அலமாரியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அபிப்பிராயம் கேட்டு இளைஞர்கள் அனுப்பும் கதைகள் அதில் சேர்கின்றன. ஒரு பையன் ஆறு வருஷங்களாக அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும், "நன்றாக இருக்கிறது. தொடர்ந்து எழுதுங்கள்" என்று எழுதிப் போட்டேன். ஏழைப் பையன், மனம் உடைந்துவிடக் கூடாது என்ற அதே கருணை! அன்று இரவு பெட்டியைத் திறந்து அவனுடைய கதைகளை வரிசையாகப் படித்தேன். முதல் கதையில் இருந்த அதே பிசகு கடைசிக் கதையிலும் இருந்தது. கதை முடிந்த பிறகும் இரண்டு பக்கம் உபதேசம். ஆறு வருஷமாக அவனும் ஒரே ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

விடிவதற்குள் அவனுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். எங்கே முடிக்க வேண்டும் என்பதைக் கதை கதையாகக் காட்டினேன். இத்தனை நாள் சொல்லாததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவனிடமிருந்து இதுவரை பதில் இல்லை. அதற்குப் பிறகு கதையும் வரவில்லை. கோபமோ, மனக்கசப்போ, அல்லது எழுத்தையே விட்டுவிட்டானோ தெரியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான் என்று நினைக்கிறேன். நாள்பட்ட உண்மைக்கு வட்டி அதிகம். அதையும் அவனே கட்டும்படி ஆயிற்று.

பேனாக்காரர் ஒரு மாதத்துக்குள் என் பேனாவின் கட்டையைப் புதிதாக அறுத்து அனுப்பினார். விற்ற பேனாக்களில் விலாசம் தெரிந்தவற்றுக்கெல்லாம் தம் செலவிலேயே கட்டை மாற்றிக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இந்தக் கட்டுரையை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன். நன்றாக எழுதுகிறது. மை கால் பங்குக்கு இறங்கும்போது மட்டும் எப்போதாவது ஒரு சொட்டு விடுகிறது. இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை; அன்றே ஒரு கார்டு போட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது:

"அது இந்தப் பேனாவோட சுபாவம் ஐயா. பாதியாகும்போதே அடைச்சுக்கிடுங்க. எழுதினதுக்கு ரொம்ப சந்தோஷம்."